ஏழரை மில்லி

ஜூன் 14

என் தங்கைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் கடுகும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பெட்டியையே திறந்தேன்.

ஹாஸ்டல் அறையில் நான்கு கட்டில். மற்ற மூன்று பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. முப்பத்து நாலு வயதில் நர்சிங் படிக்க வந்து நிற்பவளை என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் முதல் நாள் முழித்தார்கள். இப்போது 'அத்தை' என்கிறார்கள். யூனிஃபார்மில் பட்டன் அறுந்தால் என்னிடம்தான் நீட்டுகிறார்கள். தைக்கத் தெரிந்தவள் நானில்லை, என் தங்கை என்று சொன்னாலும் விடுவதில்லை.

படிப்புதான் உதைக்கிறது. மருந்து அளவுக் கணக்கு என்று ஒரு பாடம். டாக்டர் எழுதிய அளவைப் புட்டியில் உள்ள அளவால் வகுத்து, அது எத்தனை மில்லியில் கரைந்திருக்கிறதோ அதால் பெருக்க வேண்டும். சொல்லும்போது ஒன்றுமில்லை. தாளைப் பார்த்தால் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்து வைத்து அழிக்கிறேன். முதல் தேர்வில் இருபதுக்கு ஒன்பது. இந்தப் பாடத்தில் பதினெட்டு வாங்கினால்தான் பாஸ். மூன்று முறை தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "மத்த பாடத்துல தப்பு பண்ணா மார்க் போகும். இதுல ஆள் போயிடும்" என்றார் டியூட்டர். அந்த அம்மாள் சிரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

முதல் வருஷம் முடியும்வரை கையில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வார்டன் அறை போன் உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். அதனால் கடிதம்தான். கடுகுக்கு வலிப்பு மருந்து காலையில் ஐந்து மில்லி, மாலையில் ஐந்து மில்லி. வலிப்பு என்று தெரிந்த வாரமே அவள் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். மறுவாரம் நீ தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாய். அதை நினைத்துத்தான் பிள்ளையை விட்டுவிட்டு இங்கே உட்கார முடிகிறது.

தைக்கிற மும்முரத்தில் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. கடுகின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம்.

உன் அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நான், கடுகு, மெஷின். நீ இளைத்திருப்பாய் என்று தெரியும். எத்தனை சுற்று என்று மட்டும் எழுது.

கடுகு இப்போது என் கடைக்கு முதலாளி. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். நேற்று ஒரு டீச்சர் அம்மாள் துணி கொண்டுவந்தார். "உங்க இடுப்புக்கு இந்தத் துணி காணாது, போய் இன்னொரு மீட்டர் வாங்கிட்டு வாங்க" என்கிறாள். ஐந்தரை வயதில் இந்த வாய். நான் மெஷினுக்குக் கீழே தலையை மறைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம். நீ பதறக் கூடாது. இந்த மாதம் மூன்று தடவை வலிப்பு வந்துவிட்டது. இரண்டு தடவை பள்ளிக்கூடத்தில், ஒரு தடவை வீட்டில். டாக்டரிடம் காட்டினேன். வளர்கிற பிள்ளை, பழைய அளவு போதாது என்று வேளைக்கு 45 மில்லிகிராம் என எழுதியிருக்கிறார். எத்தனை மில்லி என்று சீட்டில் இல்லை. பழைய கம்பெனி மருந்து இப்போது வருவதில்லையாம். கடைக்காரர் வேறு புட்டி கொடுத்தார். "அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற" என்றார். கூட்டம். எத்தனை மில்லி என்று அவரிடமே கேட்டிருக்கலாம். "எங்க அக்கா நர்ஸுக்குப் படிக்கிறா, அவகிட்ட கேட்டுக்கறேன்" என்று கொஞ்சம் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

புட்டியில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: 5 மில்லியில் 125 மில்லிகிராம். பழைய புட்டியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மருந்து இருக்கிறது. உன் பதில் வரும்வரை அதிலிருந்து பழைய அளவே கொடுக்கிறேன்.

நேரத்துக்குத் தூங்கு. கணக்கு உன்னை ஒன்றும் கடித்துவிடாது.

தங்கை


ஜூலை 19

என் தங்கச்சிக்கு,

நான் சுகம். சுகம் என்று சும்மா எழுதவில்லை, நிஜமாகவே சுகம்.

பாஸ் பண்ணிவிட்டேன். இரண்டாம் தேர்வில் பதினைந்து வாங்கித் தவறியதை உனக்கு எழுதவில்லை. மூன்றாவதும் கடைசியுமான தேர்வு இன்று காலை. தேர்வு அறைக்குள் போகிற நேரத்தில் உன் கடிதத்தைக் கொடுத்தார்கள். ஓரமாக நின்று ஓட்டமாகப் படித்துவிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். இருபதுக்கு இருபது. அத்தை ஜெயித்துவிட்டாள் என்று மூன்று பெண்களும் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். ஒரு கட்டிலின் கால் உடைந்துவிட்டது. டியூட்டர் தாளைக் கொடுக்கும்போது, "லேபிளை மூணு தடவை படிக்கணும். எடுக்கும்போது, ஊத்தும்போது, திரும்ப வைக்கும்போது. மறந்துடாதீங்க" என்றார். எனக்கென்னவோ அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

அறைக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடுகின் கணக்கைப் போட்டேன். புட்டியில் 5 மில்லிக்கு 30. வேண்டியது 45. நாற்பத்தைந்தை முப்பதால் வகுத்தால் ஒன்றரை. ஒன்றரையை ஐந்தால் பெருக்கினால் ஏழரை. காலை ஏழரை மில்லி, மாலை ஏழரை மில்லி. மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் கண்ணாடிக்காரியும் பெருக்கலைச் சரிபார்த்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் கொடு, கரண்டியை நம்பாதே. என் முதல் நோயாளி நம் கடுகுதான்.

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை. நீ பயந்து பட்டினி கிடக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு, வந்த வாடிக்கையாளர் எல்லோரிடமும் இருபதுக்கு இருபது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அளவு சொல்கிறேன் என்று நினைத்து ஒருத்தி குறித்துக்கொண்டாள்.

நீ எழுதியபடி ஏழரை மில்லி கொடுத்து வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரி, "என்னடி, ஏழரையக் கூப்பிட்டுப் பிள்ளை வாயில ஊத்துறே" என்று கிண்டல் செய்கிறாள். வலிப்பு ஒரு தடவைகூட வரவில்லை. அது நல்லதுதான்.

ஆனால் எந்நேரமும் தூங்குகிறாள். எழுப்பினால் கண் நிலைகொள்ளாமல் இப்படியும் அப்படியும் ஓடுகிறது. முந்தாநாள் "சித்தி, ரெண்டு சித்தி இருக்கே" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். நடக்கும்போது காலை அகட்டி வைத்துத் தள்ளாடுகிறாள். பேச்சும் கொஞ்சம் குழறுகிறது. கடை வாசலுக்கு வருவதில்லை.

அந்தக் கணக்கை இன்னொரு முறை பார்த்துச் சொல்கிறாயா? உனக்குத் தெரியாததில்லை. மனசு கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வார்டு வேலை ஆரம்பித்தால் கால் வலிக்கும் என்கிறார்கள். உட்காரக் கிடைக்கும்போது உட்கார்.

தங்கை


ஆகஸ்ட் 14

தங்கைக்கு,

நலம். உங்கள் நலத்தை எழுது. நின்றபடி எழுதுகிறேன், கோபிக்காதே. இந்த வாரம் முதல் வார்டு. மூச்சு விட நேரமில்லை.

அளவைக் கூட்டினால் முதலில் கொஞ்ச நாள் தூக்கம் இருக்கும், புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. உடம்பு பழகிக்கொள்ளும். கணக்கு சரிதான். நிறுத்திவிடாதே, திடீரென்று நிறுத்தினால்தான் ஆபத்து. தொடர்ந்து கொடு.

அக்கா


செப்டம்பர் 9

என் தங்கைக்கு,

நீ எப்படி இருக்கிறாய், கடுகு எப்படி இருக்கிறாள்? கேட்டு இரண்டு கடிதம் போட்டுவிட்டேன். நாலு வாரமாக ஒரு வரி இல்லை. தினமும் சாப்பாட்டு மணி அடிக்கும் முன் வார்டன் மேஜையைப் போய்ப் பார்க்கிறேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று அவர் இப்போது நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

தையல் வேலை அதிகமோ. அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்கிறேன். வார்டில் ஒரு பெண் குழந்தை, கடுகு வயதுதான். ஊசி போட வரும் எல்லோரிடமும் "இன்னைக்கு லீவு" என்கிறது. கடுகாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூட்டிச் சொல்லியிருப்பாள்.

ஒரு கார்டு போதும். நலம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுது.

அக்கா


செப்டம்பர் 17

அக்காவுக்கு,

உன் உடம்பு நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

கடுகு உயிரோடு இருக்கிறாள். அதை முதலில் எழுதிவிட்டேன். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உட்கார முடியவில்லை, கொடுத்த தண்ணீரை விழுங்கத் தெரியவில்லை. இருபத்து நாலு நாள் இருந்தோம். வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. வார்டன் போனுக்குக் கூப்பிடவில்லை, நீ படிப்பைப் போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று.

மருந்து நாலு மடங்கு போயிருக்கிறது. புட்டி மாறியதை நான் கவனிக்காமல் ஊற்றிவிட்டேன். தப்பு என்னுடையது. டாக்டரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

மூளையின் பின்பக்கம் அடி வாங்கியிருக்கிறது என்கிறார். பிடித்துக்கொண்டால் நிற்கிறாள். நடக்க வரவில்லை. டம்ளரைப் பிடித்தால் கை ஆடி எல்லாம் கொட்டிவிடுகிறது. பேசுகிறாள், ஆனால் பழகிய காதுக்குத்தான் புரியும். ஆறு மாதத்துக்குள் எது திரும்புகிறதோ அதுதான் என்றார்.

உனக்கு அடுத்த வாரம் பரீட்சை. எழுதிவிட்டு வா. இங்கே நீ இப்போது வந்தும் செய்ய ஒன்றுமில்லை.

தங்கை


அக்டோபர் 21

தங்கைக்கு,

வந்து சேர்ந்தேன். நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

நாலு நாள் அங்கே வீட்டில் இருந்தேன். உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியவில்லை. நீ சோறு பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டே இருந்தாய். நான் எப்போது வாயைத் திறந்தாலும் உன் கையில் அவள் இருந்தாள்.

துணியில் நூல் அளவு பிசகினால் பிரித்துத் தைக்கிறவள் நீ. யாரோ ஒருத்தியின் கைப்பட்டைக்கு மூன்று முறை அளவெடுக்கிறாய். என் பிள்ளைக்கு மருந்து ஊற்றும்போது ஒரு முறை புட்டியைப் பார்க்கவில்லை. உனக்குப் பிள்ளை இருந்திருந்தால் பார்த்திருப்பாய். அவள் அப்பா விட்டுப் போனார், அவ்வளவுதான். நீ கூடவே இருந்து இதைச் செய்தாய்.

படிப்பு முடிந்ததும் அவளை என்னிடம் கூட்டிக்கொள்கிறேன். அதுவரை வேறு வழி இல்லாததால் உன்னிடம் இருக்கிறாள். மருந்தைப் பக்கத்து வீட்டுக்காரியை ஊற்றச் சொல். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

அக்கா


டிசம்பர் 5

என் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நீ பதில் எழுதவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன். ஆறு வாரம் ஆகியும் என் ஆத்திரம் அடங்கவில்லை. இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். புட்டி மாறியது உனக்குத் தெரியும், கடைக்காரர் சொன்னதை நீயே எனக்கு எழுதியிருக்கிறாய், அந்த வரியை எடுத்து உன் முகத்திலேயே வீச வேண்டும் என்று பெட்டியிலிருந்து உன் பழைய கடிதங்களை எடுத்தேன்.

ஜூலை பன்னிரண்டாம் தேதிக் கடிதம். 5 மில்லியில் 125 மில்லிகிராம். உன் தெளிவான கையெழுத்தில், சின்னப் பிள்ளைக்கும் புரியும்படி எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டு நான் இத்தனை வருஷமாகக் கையில் பிடித்திருந்த பழைய புட்டியின் முப்பதைப் போட்டுக் கணக்குச் செய்திருக்கிறேன். இரண்டு மில்லிகூட வராது. நான் ஏழரை என்று எழுதியிருக்கிறேன். நீ திரும்பப் பார் என்று கேட்டபோதும் உன் கடிதத்தை எடுத்துப் பார்க்கவில்லை. கணக்கு சரிதான், தொடர்ந்து கொடு என்று நின்றபடி எழுதினேன்.

அவளை இப்படி ஆக்கியது நான்.

உனக்கு இது தெரியுமா? தெரிந்துதான் அப்படி எழுதினாயா? நான் கிளம்பி வந்துவிடுகிறேன். இனி இங்கே எனக்கு என்ன வேலை. ஊசிக் குழாயைக் கையில் எடுத்தால் உடனே கீழே வைத்துவிடுகிறேன்.

அக்கா


டிசம்பர் 16

அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ சாப்பிடாமல் இருப்பாய். சாப்பிடு.

தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளே தெரியும். டாக்டர் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏழரை மில்லின்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். உன் கடிதம் என் பையில்தான் இருந்தது. "யாரும் சொல்லல, நானா ஊத்திட்டேன்" என்றேன். பெரிய மனசு என்று நினைத்துக்கொள்ளாதே. சொன்னால், உங்கள் அக்கா எங்கே படிக்கிறாள் என்று அடுத்த கேள்வி வரும். கடிதம் அங்கே போகும். உன்னை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இந்தப் பிள்ளைக்கு இருபது வயதாகும்போது சோறு போட யார் இருப்பார்கள் என்று யோசித்தேன். அவ்வளவுதான்.

இதையும் கேட்டுக்கொள். எனக்கு உன்மேல் கோபம். என் கடிதங்களை நீ படிப்பதே இல்லை. பிள்ளை நன்றாக இருக்கிறாளா என்று ஓடிப் பார்த்துவிட்டு மடித்துவிடுகிறாய். அக்டோபரில் நீ எழுதியதை என்னால் மறக்க முடியாது, முயற்சியும் செய்யவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை என்று எழுதினாயே. நாலு வருஷமாக நான் யாருக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறேன்?

என் தப்பும் இருக்கிறது. இரண்டு புட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் 30, ஒன்றில் 125. உறுத்தியது. அக்கா பார்த்துத்தான் எழுதியிருப்பாள், நான் எட்டாவதோடு நின்றவள் என்று வாயை மூடிக்கொண்டேன். 'தொடர்ந்து கொடு' என்ற கடிதம் வந்த அன்றும் இரண்டு வேளை கொடுத்தேன். அந்த இரண்டு வேளையை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவேன்.

படிப்பை விட்டுவிட்டு வந்தால் நான் கதவைத் திறக்க மாட்டேன். கம்பளி போர்த்திக்கொள், உனக்குச் சளி பிடிக்கும்.

தங்கை


மார்ச் 11

என் தங்கைக்கு,

உன் கார்டு வந்தது. 'ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் பார்த்தார். இனி இப்படித்தான் என்றார். நாங்கள் நலம்.' நாலு வரியையும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இனி உன் கடிதங்களை அப்படித்தான் படிப்பேன். அதனால் எதுவும் மாறப்போவதில்லை என்றும் தெரியும்.

உன்னிடம் கேட்காமல் ஒன்று செய்தேன். டியூட்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு கடிதங்களின் விவரத்தையும் சொன்னேன். என்னை வெளியே அனுப்பட்டும், போலீஸில் சொல்லட்டும் என்றுதான் போனேன். அவர் ரிஜிஸ்டரை மூடிவிட்டுக் கேட்டார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எனக்கும் என் தங்கச்சிக்கும். இப்ப உங்களுக்கு."

"மூணு பேரோடயே இருக்கட்டும். திங்கட்கிழமையிலிருந்து குழந்தைகள் வார்டு, மருந்து டிராலி உங்களுக்கு. போட்டிருக்கிற டியூட்டிப் பட்டியலை நான் மாத்த முடியாது."

அவ்வளவுதான். நான் தண்டனை கேட்டுப் போனேன், டிராலியைக் கொடுத்து அனுப்பினார். வருஷக் கடைசித் தேர்வில் மருந்துக் கணக்கில் வகுப்பிலேயே முதல் மார்க் எனக்கு. பெயரை வாசித்தார்கள். பெண்கள் கை தட்டினார்கள். கண்ணாடிக்காரி 'ஏன் அத்தை அழறீங்க' என்று கேட்டாள். சந்தோஷம் என்று சொன்னேன்.

படிப்பை விடவில்லை. நீ கதவைத் திறக்க மாட்டாய் என்பதற்காக மட்டும்தான் விடவில்லை. டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். ஒவ்வொரு புட்டியையும் படிக்கிறேன், பக்கத்தில் இருப்பவளைப் படிக்கச் சொல்கிறேன், மறுபடி படிக்கிறேன். என்னால் வார்டே தாமதமாகிறது. கொடுத்த பிறகு அந்தக் குழந்தையின் நடையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அடுத்த வேளைவரை பயம் போவதில்லை. அடுத்த வேளை வந்தால் அது புதிதாக ஆரம்பிக்கிறது.

சனிக்கிழமை வருகிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன், நீயும் கொடுக்க வேண்டாம். ஒரு உதவி செய். அவள் பேசுவதைப் புரிந்துகொள்ள எனக்குச் சொல்லிக்கொடு. அக்டோபரில் வந்தபோது நீ குளிக்கப் போயிருந்தாய். அவள் என் சேலையை இழுத்து ஏதோ சொன்னாள். புரியவில்லை. மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவை, புரிந்த மாதிரி தலையை ஆட்டிச் சிரித்து வைத்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சேலையை விட்டுவிட்டுக் குளியலறைக் கதவுப் பக்கம் திரும்பி, நீ வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா